பதினொரு சொம்பு மோர்

அன்று அந்த இடத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், ஒருவர் விடுபட்டாலும் மற்றதெல்லாம் தப்பிப் போகும். கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் அம்மா, முப்பது வயதைத் தாண்டாதவர், வெயிலுக்குக் கருப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார், சர்வேயர், சர்வேயருக்குச் சங்கிலி பிடிக்கிற ஆள், மணியகாரர், தலையாரி, என் வக்கீல், என் மச்சான் நாச்சிமுத்து, அதாவது என் மனைவியின் அண்ணன், என் மனைவி தெய்வாத்தாள், பக்கத்துக் காட்டுக்காரரான பாவாத்தாள் அக்கா, அப்புறம் குட்டியப்பன் என்கிற நான். பத்துப் பேர். இது போக, பாறை மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்கள் பத்தொன்பது பேர், அக்காவின் பசு இரண்டு, என் செம்மறி அறுபத்தொன்று, வேலியில் கிளுவைப் போத்து நானூற்றுப் பன்னிரண்டு. அந்த வேலியை ஆள் கணக்கில் சேர்ப்பதா, ஆடுமாடு கணக்கில் சேர்ப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, அதனால் தனியாக எழுதினேன். புரட்டாசி இருபத்திரண்டாம் தேதி, பகல் பதினொரு மணி.

எங்கள் பக்கம் மழை குறைந்த மேய்ச்சல் பூமி. உழவு கிடையாது, கொழுக்கட்டைப்புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் நிற்கிற காடுகளைச் சுற்றி உயிர்வேலி போட்டு அடைத்து, உள்ளே ஆடுமாட்டை விட்டுப் பிழைக்கிறோம். உயிர்வேலி என்றால் கிளுவை. ஒரு முழக் கிளையை, அதுதான் போத்து, வெட்டி நட்டால் தழைத்துக்கொள்ளும், முள்ளும் உண்டு, நூறு வருஷம் நிற்கும். என் காடு மேற்கே, ஒன்பது ஏக்கர். அக்கா காடு கிழக்கே, மூன்று ஏக்கரும் கொஞ்சமும். வேலி முதலில் இருந்த இடத்திலிருந்து நடந்தால் கிழக்குக் கடைசிவரை தொண்ணூறு தப்படி, அந்தக் கடைசியில் அவர் வீடும் மாட்டுக் கொட்டகையும். அவருக்குக் கணவர் இல்லை, பிள்ளை இல்லை, பசு இரண்டுதான், ஆகவே அவர் காட்டில் எப்போதும் புல் முழங்கால் உயரம் நிற்கும்.

எங்களுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து மழை பொய்த்து, என் ஆடுகள் நாற்பத்து மூன்றாக இருந்தது பத்தொன்பதாகக் குறைந்து, அந்தப் பத்தொன்பதும் வேலி ஓரமாகப் போய் நின்று கிழக்கே அக்கா காட்டுப் புல்லைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த வருஷத்தில், ஐப்பசி முதல் மழை பெய்த மத்தியானம், வேலி முதல் தப்படி வைத்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். எருமை சேற்றிலிருந்து காலை இழுக்கும்போது வருகிற சத்தம் வடக்குக் கோடியில் கேட்டது, அப்புறம் அதற்கு அடுத்த போத்தில், அப்புறம் அதற்கு அடுத்ததில், இப்படி வரிசையாக நானூற்றுப் பன்னிரண்டும் வேரை இழுத்து ஒரு தப்படி கிழக்கே வைத்து ஊன்றிக்கொண்டன, பழைய குழிகளை மழைத் தண்ணீர் மூடிவிட்டது. ஒரு இலை உதிரவில்லை. ஆடுகள் புது இடத்துக்குப் போய்க் குனிந்து மேய ஆரம்பித்தன. நான் போத்துகளை எண்ணினேன், சரியாக இருந்தன. ஒரு தப்படிதானே என்று நினைத்துக்கொண்டு, பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வேலியில் ஒரு புல்முடி செருகியிருந்தது.

புல்முடி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருத்தர் தன் காட்டில் மேய்த்துக்கொள்ள இன்னொருத்தரை விடுவதானால் வாயால் சொல்ல மாட்டார், சொன்னால் கொடுத்ததைக் குத்திக்காட்டியதாக ஆகும். ஒரு பிடி கொழுக்கட்டைப்புல்லை அறுத்து, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, வேலியில் செருகி வைப்பார். அதை எடுத்தவர் புல்முடியோடு வைத்தவர் வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் அந்தப் புல்லுக்கு அவர் விருந்தாளி, காடு காட்டுக்காரருடையது, இரண்டு பக்கமும் மரியாதை. இதற்குச் சாட்சியும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

நான் புல்முடியை எடுத்தேன். மோர் குடிக்கப் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நாள் தள்ளினேன். எனக்குக் கூச்சம் அதிகம், நாலு பேர் இருக்கிற வீட்டுக்குள் நுழையவே கால் வராது என்பது ஊருக்குத் தெரியும், அதனால் இதையும் கூச்சம் என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சம் வேறு, இது வேறு. மோரைக் குடித்தால் அந்த ஒரு தப்படி அக்காவுடையது என்று ஒத்துக்கொண்டதாக ஆகும், குடிக்காதவரை அது யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. புல்முடியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தேன்.

அடுத்த ஐப்பசியில் வேலி இரண்டு தப்படி வைத்தது. அதற்கடுத்த ஐப்பசியில் மூன்று. வளர்கிற பிள்ளைக்கு வயதுக்கு ஏற்ற நடை இருக்கிற மாதிரி, ஒவ்வொரு வருஷமும் ஒரு தப்படி கூட. ஒவ்வொரு வருஷமும் மறுநாள் காலையில் ஒரு புல்முடி. ஒவ்வொரு புல்முடியும் டப்பாவுக்குள். பத்தொன்பது ஆடு இருபத்தாறானது, முப்பத்து மூன்றானது.

ஊர் இதற்குச் சீக்கிரமே பழகிவிட்டது. முதல் இரண்டு வருஷம் பார்க்க வந்தார்கள்; மூன்றாம் வருஷம் பார்க்கச் சௌகரியமாகப் பாறை மேல் நிழலுக்கு ஓலை போட்டார்கள்; நான்காம் வருஷம் அந்த நாளுக்கென்று ஒருத்தர் கடலை வறுத்து விற்றார். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, ஒன்றும் இரண்டும் மூன்றும் நான்கும் கூட்டினால் எத்தனை என்று வேலியைக் காட்டியே சொல்லிக்கொடுத்தார். மணியகாரர் ஊர் நிலக் கணக்கான அடங்கலில் குறிப்புக் கட்டத்தில் ‘வேலி நடக்கிறது’ என்று உள்ளபடி எழுதி, மேலதிகாரியிடம் திட்டு வாங்கி, அடுத்த வருஷத்திலிருந்து ‘உயிர்வேலி’ என்று மட்டும் எழுதினார், அதுவும் பொய்யில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் காடு எத்தனை ஏக்கர் என்று கேட்பதை விட்டுவிட்டு, வேலி எந்தப் பக்கமாகப் போகிறது என்று கேட்டார்கள்.

ஐந்தாம் வருஷத்திலிருந்து போத்துக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். கவாத்து வெட்டும்போது மொத்தம் அறுநூற்று எழுபது போத்து கொடுத்தேன். எல்லாம் தழைத்தன, ஆனால் எல்லாம் நடக்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரரோடு பேசிக்கொண்டு, அவரைக் கூட வைத்துக்கொண்டு நட்டவர்களின் வேலி நட்ட இடத்தில் நின்றது. பேசாமல் நட்டவர்களின் வேலி நடந்தது. ஒரு அண்ணன் தம்பி, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் ஒரே எல்லையில் ஆளுக்கொரு வரிசை நட்டு, இரண்டு வேலியும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்ற இடத்திலேயே மிதிமிதியென்று மிதித்து, அங்கே இன்றைக்கும் புல் முளைப்பதில்லை. இதையெல்லாம் பார்த்தும் யாரும் வேலியைக் குறை சொல்லவில்லை. வேலி நடந்தால் நாம் என்ன செய்ய முடியும் என்பதுதான் ஊரின் பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சை முதலில் சொன்னவன் நான். எனக்குப் பேச வராது என்றாலும் அதைச் சொல்ல வந்தது.

அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வழியில் பார்த்தால், “ஆடெல்லாம் நல்லா இருக்குதா குட்டியப்பா” என்பார். “இருக்குதுங்க்கா” என்பேன். அவர் ஒரு நொடி நிற்பார். நான் மோரைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்றுதான் நின்றார் என்பது எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் ஐப்பசியில் வேலி பன்னிரண்டு தப்படி வைத்தது. ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை கூட்டினால் எழுபத்தெட்டு. தொண்ணூறில் எழுபத்தெட்டு போக அக்காவுக்கு மிச்சம் பன்னிரண்டு தப்படி. அதில்தான் வீடு, கொட்டகை, அடுப்படி, தண்ணீர்த் தொட்டி எல்லாம். அடுத்த ஐப்பசியில் வேலி பதின்மூன்று வைக்கும். பன்னிரண்டில் பதின்மூன்று அடங்காது என்று கணக்குப் போட வாத்தியார் தேவையில்லை. பிள்ளைகள்கூடச் சொன்னார்கள், வருகிற ஐப்பசியில் பாவாத்தா வீடு வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிடும் என்று.

அப்போதுதான் என் மச்சான் வந்தார். “மாப்ளே, வேலிக்குக் காலு இருந்தாப் போதுமா, காகிதம் வேண்டாமா” என்று கேட்டு, என்னைத் தாலுகா ஊருக்கு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனார்.

வக்கீல் நல்ல மனிதர்தான், சிரித்துச் சிரித்து விளக்கினார். இன்னொருத்தர் பூமியில் ஒருத்தர் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால், சொந்தக்காரர் அதற்குள் வழக்குப் போட்டு வெளியேற்றாவிட்டால், அது இருந்தவருடையதாகிவிடும். இதற்கு எதிரிடை அனுபவம் என்று பேர். ஆனால் மூன்று விஷயம் வேண்டும் என்றார். ஒளிக்காமல் இருந்திருக்க வேண்டும், ஊரே பார்க்க. விடாமல் இருந்திருக்க வேண்டும், நடுவில் ஒரு நாள்கூட விட்டுப் போயிருக்கக் கூடாது. மூன்றாவது, கேட்காமல் இருந்திருக்க வேண்டும். சொந்தக்காரர் சம்மதித்து விட்டு, அதனால் இருந்தால் அது செல்லாது.

“அவங்க சம்மதிச்சு விட்டு நீங்க இருந்தா நூறு வருசம் இருந்தாலும் நீங்க விருந்தாளி. அவங்க விடாம நீங்களா இருந்தாத்தான் பன்னெண்டு வருசத்துல சொந்தக்காரர்” என்றார். “சட்டம் திருட்டுத்தனத்துக்குச் சாதகம்னு சொல்லுவாங்க. அப்படியில்லீங்க. தன் நெலத்தைத் திரும்பிப் பார்க்காதவங்களுக்குச் சட்டம் வைக்கிற கெடு அது. அந்தம்மா ஏதாவது விட்டாங்களா? வாயால, எழுத்தால?”

வாயாலும் விடவில்லை, எழுத்தாலும் விடவில்லை. இல்லை என்றேன். அது பொய்யில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நான் கேட்டேன், முதல் தப்படிக்கே இன்னும் பன்னிரண்டு வருஷம் முடியவில்லையே, ஐப்பசி வந்தால்தானே முடியும், கடைசிப் பன்னிரண்டு தப்படிக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லையே என்று. வேலி நடந்தது என்று கோர்ட்டில் எழுத முடியாது, எழுதினால் மனுவைத் தூக்கி வெளியே போடுவார்கள் என்றார் வக்கீல். ஆகவே பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நானே ஆள் வைத்து, அக்காவின் சம்மதம் இல்லாமல், அவருக்கு விரோதமாக, இப்போது இருக்கிற இடத்தில் வேலியை நட்டேன் என்று எழுதினார். நான் செய்யாத ஒரு திருட்டை நான் செய்ததாக எழுதி, நான் செய்த திருட்டை எழுதாமல் விட்ட காகிதம் அது. கீழே கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவன், எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்துத்தான் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவை இறக்கி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். மேலே இருந்தது கடைசிப் புல்முடி, போன ஐப்பசியில் எடுத்தது, இன்னும் முழுக்கச் சாயம் போகாமல் கொஞ்சம் பச்சை இருந்தது. அதை அடுப்பில் வைத்தேன். மழை முடிந்த மறுநாள் காட்டில் என்ன வாசம் வருமோ அந்த வாசம் வீடு முழுக்க வந்தது. இரண்டாவதை எடுத்தேன், கை போகவில்லை. மூடியைப் போட்டுப் பரணில் வைத்துவிட்டுத் திரும்பினால் தெய்வாத்தாள் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

இப்போது அந்த இருபத்திரண்டாம் தேதிக்கு வருகிறேன்.

சர்வேயர் அளந்தார். சர்வே கல் நடக்கவில்லை, கல்லுக்கு அந்த வழக்கம் இல்லை. அது பழைய எல்லையில், என் ஆடுகள் படுத்திருந்த இடத்துக்கு நடுவில், புதைந்த இடத்திலேயே இருந்தது. அங்கிருந்து வேலி எழுபத்தெட்டு தப்படி கிழக்கே இருக்கிறது என்று சர்வேயர் தன் அளவில் சொன்னதைக் கமிஷனர் அம்மா குறித்துக்கொண்டார். வேலி எத்தனை வருஷமாக இந்த இடத்தில் இருக்கிறது என்று மணியகாரரைக் கேட்டார். மணியகாரர் என்னைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், ரெக்கார்டில் உயிர்வேலி என்று மட்டும் இருக்கிறதுங்கம்மா என்றார். பாறை மேல் இருந்த பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். சிரித்தார்களே ஒழிய, ஒருத்தரும் இறங்கி வரவில்லை. அந்தப் பத்தொன்பதில் பதினான்கு பேர் என்னிடம் போத்து வாங்கியவர்கள்.

அக்காவுக்கு வக்கீல் இல்லை என்பதைக் கமிஷனர் அம்மா அப்போதுதான் தெரிந்துகொண்டார். இப்படிக் கேட்பது என் வேலையில்லை, இருந்தாலும் உங்கள் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லி, நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார். வெயிலில் நின்று எல்லோரும் கேட்டோம். பிரதிவாதியின் அனுமதி ஏதுமின்றி. பிரதிவாதிக்கு விரோதமாக. பகிரங்கமாகவும் தொடர்ச்சியாகவும். நானூற்றுப் பன்னிரண்டு போத்தும் கேட்டன. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு முன்பே தெரியும், ஆனால் அது அக்காவின் காதில் போய் விழுவதைப் பார்ப்பது வேறு. அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் பேர் வாசிக்கும்போது பிள்ளைகள் கேட்கிற மாதிரி, தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

“இது சரிதானா அம்மா? நீங்க இவருக்கு மேய்ச்சலுக்குன்னு எப்பவாச்சும் விட்டீங்களா? விட்டிருந்தா இப்பவே சொல்லுங்க, இந்தக் கேசே நிக்காது.”

அக்கா என்னைப் பார்த்தார். வழியில் பார்த்தால் ஒரு நொடி நிற்பாரே, அப்படி நின்றார். கொடுத்தவர் சொல்லக் கூடாது, வாங்கியவர் சொல்லலாம். சொல்ல வேண்டியவன் நான். நான் தரையைப் பார்த்தேன். ஒரு எறும்பு வரிசை போனது. நாற்பத்தேழுவரை எண்ணினேன்.

“அவுரு எழுதினது எழுதினபடி இருக்கட்டுங் கண்ணு” என்றார் அக்கா. “குடுத்தது குடுக்காததெல்லாம் வாயில சொல்ற வழக்கம் எங்களுக்கு இல்லை.”

ஒரு வார்த்தை சொன்னால் வீடு நிற்கும், அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. கமிஷனர் அம்மாவுக்குப் புரியவில்லை. பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிரதிவாதி மறுக்கவில்லை என்று எழுதினார். வக்கீல் என் தோளைத் தட்டினார். மச்சான், முடிஞ்சுது மாப்ளே என்றார். அக்கா, தலையாரி முதல்கொண்டு எல்லோரையும் பார்த்து, வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க என்று கூப்பிட்டார். ஏழு பேர் போய்க் குடித்தார்கள், என் வக்கீலும் மச்சானும்கூடப் போனார்கள். என்னையும் தெய்வாத்தாளையும் அவர் கூப்பிடவில்லை. கூப்பிட மறந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தெய்வாத்தாள் பரணில் ஏறி டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“எண்ணுங்க. எதையும் எண்ணாம இருக்க மாட்டீங்களே, இதையும் எண்ணுங்க” என்றாள்.

பதினொன்று இருந்தது.

“பன்னெண்டு வருசமா பரண்லருந்து வர்ற இந்தப் புல்லு வாசத்தை நம்ம ஊட்டு வாசம்னு நெனச்சுட்டுப் படுத்திருந்தனுங்க. அந்தக்கா ஊட்டுக் கூரை நம்ம வேலிக்குள்ள வந்தா, அந்த அடுப்புல நான் சோறாக்கறதா, சொல்லுங்க” என்றாள். சொல்லிவிட்டுத் தன் அண்ணன் செருப்பை வாசலிலிருந்து எடுத்துத் தெருப் பக்கம் வைத்தாள். மச்சானுக்கு அது புரிந்தது, அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார்.

டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. எழுபத்தெட்டு தப்படியையும் எண்ணிக்கொண்டே கடந்து, வேலியில் கடவைத் திறந்து உள்ளே போனேன். அக்கா கொட்டகையில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். என்னையும் டப்பாவையும் பார்த்தார். கையைக் கழுவினார்.

“வா குட்டியப்பா” என்றார். “மோர் புளிச்சுப்போயிருக்கும். பன்னெண்டு வருசமாச்சல்ல.”

நான் மூடியைத் திறந்து, புல்முடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன், வருஷ வரிசைப்படி. முதல் வருஷத்தது தொட்டால் பொடியாகிற மாதிரி இருந்தது. அவர் உள்ளே போய்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு பித்தளைச் சொம்பில் மோரை ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். முதல் புல்முடியை எடுத்துப் பசுவுக்குப் போட்டார். அடுத்த சொம்பு ஊற்றினார். குடித்தேன். இப்படி வருஷத்துக்கு ஒரு சொம்பாக, அவர் ஊற்றவும் நான் குடிக்கவுமாக, நாலு சொம்பில் வயிறு நிறைந்து, ஆறு சொம்பில் கழுத்துவரை வந்து, எட்டாவதில் கண்ணில் தண்ணீர் வந்து, அது மோரால் வந்ததா வேறெதனால் வந்ததா என்று பிரிக்கத் தெரியாமல் குடித்தேன். ஒன்பதாவதில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மெல்லக் குடி, ஆரும் புடுங்கிக்க மாட்டாங்க” என்றார். பத்து. பதினொன்று. பதினோராவது புல்முடியைப் பசு தின்று முடித்தது.

அவர் பன்னிரண்டாவது சொம்பை நிறைத்துக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். தரையில் ஒன்றும் இல்லை.

“போன வருசத்தது எங்கெ?”

இல்லாமல் போய்விட்டது, எலி கடித்துவிட்டது என்று சொல்ல எத்தனையோ இருந்தது.

“அடுப்புல வெச்சுட்டனுங்க்கா.”

கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகத்தில் கோபம் இல்லை. எனக்காகக் கூசுகிற முகமாக அது இருந்தது. நான் அதுவரை ஒரு வீட்டுக்குள் நுழையக் கூசியதெல்லாம் அந்த ஒரு முகத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.

“அப்போ அதுக்கு மோர் இல்லை, குட்டியப்பா” என்று சொல்லி, சொம்பைத் திரும்பப் பானையில் கவிழ்த்தார். “போயிட்டு வா.”

மறுநாளே தாலுகா ஊருக்குப் போய் வழக்கை வாபஸ் வாங்கச் சொன்னேன். ஜெயித்த வழக்கை வாபஸ் வாங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வக்கீல் சிரிக்காமல் சொன்னார். அனுமதியோடுதான் மேய்த்தேன் என்று எழுதிக் கொடுத்தேன், பதினொரு வருஷத்துக்கு என்று எண்ணிக்கை போட்டு. பன்னிரண்டு என்று போட்டுவிடுங்கள், எதற்கு ஒன்றைக் குறைக்கிறீர்கள் என்றார். பதினொன்றுதான் என்றேன்.

ஐப்பசி ஆறாம் தேதி மத்தியானம் முதல் மழை. ஊரே வந்திருந்தது, பாறை மேல் மட்டும் நூற்று முப்பத்திரண்டு பேர், ஓலைக்குக் கீழே இடம் போதவில்லை. அக்கா வீட்டை விட்டு வெளியே வரவில்லை, பசு இரண்டும் கொட்டகையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. வடக்குக் கோடியில் அந்தச் சத்தம் கேட்டது, எருமை சேற்றில் காலை இழுக்கிற சத்தம். நானூற்றுப் பன்னிரண்டு போத்தும் வேரைத் தூக்கின. எல்லோரும் அக்கா வீட்டுக் கூரையைப் பார்த்தார்கள். வேலி மேற்கே திரும்பி ஒரு தப்படி வைத்தது.

நிற்கவில்லை. அடுத்து இரண்டு தப்படி வைத்தது, அடுத்து மூன்று. பிள்ளைகள் சத்தமாகக் கூட்டிக்கொண்டே வந்தார்கள், வாத்தியாரும் கூட்டினார். என் ஆடுகள் வேலிக்கு முன்னால் பின்வாங்கிப் பின்வாங்கி மேற்கே வந்தன. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவது நடையில் பதினொரு தப்படி வைத்து, மொத்தம் அறுபத்தாறு தப்படி திரும்பி வந்து, வேலி ஊன்றிக்கொண்டது. பழைய எல்லைக்கு வர இன்னும் ஒரு நடை பாக்கி. சர்வே கல் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. மழை பெய்தது. எல்லோரும் காத்திருந்தோம். கடலை விற்கிறவர்கூடக் கூடையை மூடிவிட்டுக் காத்திருந்தார். பொழுது சாயும்வரை வேலி அசையவில்லை, அப்புறம் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வருஷமே ஊரில் நடந்துகொண்டிருந்த மற்ற வேலிகள் பலவும் திரும்பின. பேசாதவர்கள் பேசினார்கள், மோர் குடிக்காதவர்கள் குடித்தார்கள். அந்த அண்ணன் தம்பி இருவரும் ஒரே நாளில் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் குடித்தார்கள். என் வேலி மட்டும் அந்தப் பன்னிரண்டு தப்படியில் நின்றுவிட்டது. ஆள் வைத்து நானூற்றுப் பன்னிரண்டு போத்தையும் பிடுங்கிப் பழைய எல்லையில் நட்டுப் பார்த்தேன். முதல் மழைக்கு அது எழுந்து கிழக்கே பன்னிரண்டு தப்படி போய் நின்றுகொண்டது. மூன்று வருஷம் பிடுங்கினேன், மூன்று வருஷமும் போனது. அப்புறம் விட்டுவிட்டேன். வேலியில் வேறு புல்முடி இருக்கிறதா என்று ஒவ்வொரு ஐப்பசியும் முதல் மழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தேன். அக்கா அதற்குப் பிறகு வைக்கவில்லை. வழியில் பார்த்தால், “ஆடெல்லாம் நல்லா இருக்குதா குட்டியப்பா” என்று கேட்பதை மட்டும் அவர் விடவில்லை. நொடி நேரம் நிற்பதை விட்டுவிட்டார்.

பட்டா அவர் பேரில்தான் இருக்கிறது. நான் அந்தப் பன்னிரண்டு தப்படிக்குள் கால் வைப்பதில்லை, ஆனால் என் ஆடுகளுக்கு இதெல்லாம் தெரியாது, அவை மேய்கின்றன.

போன வாரம் அந்த வக்கீலின் மகன், இப்போது அவரும் வக்கீல், வேறொரு வேலையாக வந்தவர் வேலியைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார். சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, நீங்கள் பிடுங்குவதை விட்ட பிறகு வேலி இந்த இடத்தில் நின்று வருகிற ஐப்பசியோடு பன்னிரண்டு வருஷம் முடிகிறது, ஒளிக்கவில்லை, நடுவில் விட்டுப் போகவில்லை, அந்தம்மா அனுமதி கொடுக்கவும் இல்லை, இந்த முறை பொய் எதுவும் எழுதத் தேவையில்லை, சட்டப்படி இது உங்களுடையதுதான் பெரியவரே என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அவர் போன பிறகு நான் சர்வே கல்லிலிருந்து வேலிவரை, அந்த இடத்துக்குள் கால் வைக்காமல், காட்டு ஓரத்து வெளிப்பக்கமாகவே நடந்து அளந்தேன். பன்னிரண்டு இருந்தது.